பாடச் சொல்லாத பாட்டு வகுப்பு

இன்று காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சின்னப் பெண் சாக்பீஸ்களைக் கிண்ணத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். ஊறின சாக்பீஸ் தூசி பறக்காது, சிமெண்டுத் தரையில் பளிச்சென்று எழுதும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கென்று ஒரு வாசனை உண்டு. சுண்ணாம்புச் சுவர் முதல் மழையில் நனைந்தால் வருமே, அதுபோல. நான் பால் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "க்யா ஹுவா, ஆஜி?" என்று கேட்டாள், என்ன ஆச்சு பாட்டி என்று. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு லிஃப்டில் ஏறினேன். அப்போதிலிருந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். வாய்விட்டுப் பேசினால் மருமகள் பயந்துபோவாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இப்போது நெருளில் மகன் வீட்டில் இருக்கிறேன். நீ இருந்த காலத்தில் நெருள் என்ற பெயர்கூட நம் பேச்சில் வந்ததில்லை. நமக்கு ஊர் என்றால் தாராவி, மாதுங்கா, நடுவில் சயான் ஸ்டேஷன். பிறகு உனக்குக் கல்யாணமானதும் செம்பூர். அவ்வளவுதான்.

தாராவியில் நம் பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட ஒரே நீள ஹால். நடுநடுவே பலகைத் தட்டி வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். நாலாம் வகுப்புக்கு நான் கணக்கு டீச்சர். தட்டிக்கு அந்தப் பக்கம் நீ பாட்டு டீச்சராக வந்தாய். கஞ்சி போட்ட நூல் புடவையும் மாதுங்கா ஐயர் வீட்டுப் பேச்சுமாக நீ வந்து நின்றபோது, பக்கத்துத் தோல் கிடங்கு நாற்றத்தில் ஒரு வாரம் தாங்கமாட்டாய் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பெரிய சார், அதுதான் நம் ஹெட்மாஸ்டர், யாரோ வியாபாரி கொடுத்த பழைய ஹார்மோனியத்தை உன்னிடம் ஒப்படைத்து, "ஆண்டு விழாவுக்கு நாலு பாட்டு பழக்கிவிட்டால் போதும்மா" என்றார்.

நீ பாட்டே பழக்கவில்லை. பிள்ளைகள் வாய் திறந்து பாடத் தயாராக உட்கார்ந்திருக்க, நீ புடவையைச் செருகிக்கொண்டு தரையில் முட்டி போட்டாய். ஊறின சாக்பீஸால் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஐந்து நீளக் கோடு இழுத்தாய்.

"இது என்ன டீச்சர், பாண்டியா?"

"பாண்டி மாதிரிதான். ஆனா இதுல கல்லு கிடையாது. நீங்கதான் கல்லு."

தட்டி இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோட்டின் மேல் நின்றால் ஒரு ஸ்வரம், இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் அடுத்த ஸ்வரம் என்று நீ சொன்னது யாருக்கும் ஏறவில்லை. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இது ரயில்வே லைன் மாதிரியே இருக்கு" என்றான். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். அப்படியானால் கோட்டுக்கெல்லாம் ஸ்டேஷன் பெயர் வையுங்கள் என்றாய். கீழ்க் கோடு குர்லா. அதற்கு மேல் சயான், மாதுங்கா, தாதர், பரேல். கோட்டுக்கு நடுவில் இருக்கிற இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டாய். இசக்கி என்ற பெண், மூக்கு ஒழுகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாளே, அவள் சொன்னாள்: "அது சிக்னல் டீச்சர். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வண்டி சும்மா நிக்கும்லா, அது."

குர்லா 'க'. அடுத்த சிக்னல் 'ம'. சயான் 'ப'. இப்படியே மேலே போகும். 'ச' மட்டும் ஐந்து கோட்டுக்கும் கீழே, தனியாக ஒரு குட்டிக் கோட்டில் இருந்தது. அது ஏன் தனியாக இருக்கிறது என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் உனக்கு முந்திக்கொண்டு, "அது சுனாபட்டி ஸ்டேஷன்லே. ஹார்பர் லைன், தனி ரூட்டு" என்றான். நீ சிரித்த சிரிப்பில் பெரிய சார் எட்டிப் பார்த்தார்.

நீ ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்துவாய். பிள்ளைகள் கேட்டுவிட்டு அந்த ஸ்டேஷனுக்குத் தாவ வேண்டும். தவறான கோட்டில் குதித்தவன் வண்டியைவிட்டு இறங்கிச் சுவரோரம் நிற்க வேண்டும். "டீச்சர், இவன் சீட்டிங் பண்ணுதான், என்னையப் பார்த்துக் குதிக்கான்!" என்று தினமும் ஒரு புகார் வரும். ஒரு ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லிக்கொடுக்க வடை வந்தது. வட்டமாக நடுவில் வெறுமையாக இருக்கிற குறி ஓட்டை வடை. அது நாலு எண்ணும்வரை நிற்கும். கறுப்பாக அடைத்திருந்தால் கருகின வடை. ஒன்று எண்ணியதும் போய்விடும். கருகின வடை வந்தால் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கோட்டுக்கு ஓடுவார்கள்.

எழுத்தில் ச ரி க ம என்று எழுதிப்போட்டால் ஆகாதா, எதற்கு இந்த இங்கிலீஷ் சங்கீதக் கோடு என்று நான் ஒருநாள் கேட்டேன். உன் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த பார்சி அம்மாள் பியானோவோடு இதையும் கற்றுத் தந்ததாகச் சொன்னாய். "எழுத்துல போட்டா, படிக்கத் தெரிஞ்சவாதான் படிப்பா. இந்தப் பசங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே கூட்டிப் படிக்க வரல. இது எழுத்தே வேண்டாம். மேல போனா மேல, கீழ போனா கீழ. கண்ணு இருந்தாப் போறும்" என்றாய்.

கண் இருந்தால் போதும் என்று நீ சொன்னதன் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

தட்டிக்கு இந்தப் பக்கம் கணக்கு நோட்டு திருத்திக்கொண்டே நானும் கற்றுக்கொண்டேன். எனக்குப் பாட வராது. வீட்டில் நான் முனகினாலே என் அம்மா, "ஏட்டி, யாரு செத்தா?" என்று கேட்பாள். ஆனால் கோடு படிக்க வந்துவிட்டது. அதைச் சொன்னபோது நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். அன்றுதான் 'டீச்சர்' போய் 'பார்வதி' ஆனேன். 'நீங்க' போய் 'நீ' ஆனது அதற்கு அடுத்த நாள்.

அந்த மழைக்காலத்தில் ஹார்மோனியத்துக்குள் ஈரம் ஏறிவிட்டது. ஒரு கட்டை அழுத்தியபடியே மாட்டிக்கொண்டு, நீ எதை வாசித்தாலும் பின்னால் ஒரு ஊளை ஓயாமல் கேட்டது. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். எனக்கே பல் கூசியது. நீ மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் வாசித்துக்கொண்டிருந்தாய். இசக்கி எழுந்து போய், பேசாமல் அந்தக் கட்டையை நகத்தால் நெம்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து நீ செல்லமாக விரலை ஆட்டினாய். நான் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் சயானில் ரயில் ஏறுவோம். நீ அடுத்த ஸ்டேஷன் மாதுங்காவில் இறங்கிவிடுவாய். நான் டிரெயினிங் வகுப்புக்குத் தாதர் வரை போவேன். ரயிலில் நீ வேறு ஆளாக இருப்பாய். பள்ளியில் யாராவது கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்புகிறவள், லேடீஸ் கம்பார்ட்மெண்டின் இரைச்சலில் எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்வாய். அன்று நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அந்த ஊளைச் சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"எந்தச் சத்தம்?"

நான் சொன்னேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாய்.

"நேக்குக் காது போயிண்டிருக்குடி, பார்வதி. எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் போச்சு. என் குரல் நேக்கு நன்னாக் கேக்கறது, உள்ளேர்ந்து. வெளிலேர்ந்து வர்றதுதான் தூரமாப் போயிண்டே இருக்கு. இங்க ரயில்ல எல்லாரும் கத்திப் பேசறேளோன்னோ, அதனால கேக்கறது."

"பின்ன எப்படி வகுப்பு நடத்துத?"

"பசங்களைப் பாடச் சொல்லி, அவா தப்பாப் பாடி, நான் சபாஷ்னுட்டா? அதான் பாடச் சொல்றதில்லை. குதிக்கச் சொல்றேன். எந்தக் கட்டையை அழுத்தினேன்னு நேக்குத் தெரியும். எந்தக் கோட்டுல குதிச்சான்னு கண்ணுக்குத் தெரியும். அது போறுமே."

மாதுங்கா வந்தது. நீ இறங்கவில்லை. தாதர் வரை வந்தாய். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அப்படி வந்திருக்கிறாய். தாதரில் இறங்கி எதிர் வண்டி பிடித்துத் திரும்பிப் போவாய், இன்னும் கொஞ்சம் பேச்சு காதில் விழட்டும் என்று. அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டதற்கு, "சொன்னா வேலையை விடச் சொல்லுவா" என்றாய்.

அன்றிலிருந்து மணி அடித்தால் தட்டிக்கு மேலே என் கை தெரியும். பெரிய சார் கூப்பிட்டால் நான் இருமுவதுபோல உன் பக்கம் வந்து கண்ணைக் காட்டுவேன். இதை நாம் இரண்டு பேர் மட்டும் அறிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நானும் மாதுங்கா வீட்டில் இருந்தேன். பாடச் சொன்னார்கள். நீ தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு பாடினாய். பெண் குரலுக்குக் கொஞ்சம் கனமான குரல் உன்னுடையது. ஆரம்பிக்கும்போது மணல் உரசுவதுபோல ஒரு சின்னக் கரகரப்பு இருக்கும். பாடப் பாட அது தெளிந்து, அறையில் இருக்கிறவர்கள் அசையாமல் உட்காரும்படி ஆகிவிடும். பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளை ஏதோ மெதுவாகக் கேட்டார். உன் அம்மா பதறிப்போய் உன்னைத் தொட்டாள். நீ அவர் முகத்தை நேராகப் பார்த்து, "நேக்குக் காது மந்தம். போகப்போக முழுசாப் போயிடும். இப்பவே சொல்லிட்டேன்" என்றாய். அவர் அம்மாவின் முகம் மாறியது. அவர் மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "எந்த ஊர்ல இந்தப் பாட்டைக் கத்துண்டேள்னு கேட்டேன்" என்றார், உரக்க. நல்ல மனிதர். கடைசிவரை உன்னிடம் முகம் பார்த்துத்தான் பேசினார்.

செம்பூருக்குக் குடிபோன பிறகும் நீ வேலையை விடவில்லை. அடுத்த வருஷம் உண்டானாய். அந்தச் சமயத்தில்தான் சயானில் ஒரு காது டாக்டரிடம் இரண்டு பேரும் போனோம். காதுக்குள் இருக்கிற ஒரு சின்ன எலும்பு இறுகிக்கொண்டு வருகிறது என்றார். அதற்கு ஆபரேஷன் என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது, ஆனால் இருக்கிறதும் போய்விடலாம் என்றார். பிறகு உன் வயிற்றைப் பார்த்துவிட்டு, பிரசவத்தோடு இது வேகமாக முற்றும், சிலருக்கு அப்படி ஆகிறது என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம்.

"இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா?" என்றேன்.

"சொல்லியிருந்தா மட்டும்? கொழந்தை வேணும்னுதான் இருந்தது நேக்கு. இதுக்கு அது சரியாப் போச்சான்னு கணக்குப் போட நேக்குத் தெரியாது. நீதான் கணக்கு டீச்சர்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.

மாதம் ஏற ஏற உன்னால் தரையில் முட்டி போட்டுக் கோடு இழுக்க முடியவில்லை. அப்போது நீ கையை எடுத்தாய். இடது கையை மார்புக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினாய். ஐந்து விரலும் ஐந்து கோடு. சுண்டு விரல் குர்லா, கட்டை விரல் பரேல். பிள்ளைகள் வரிசையில் வந்து, ஹார்மோனியத்தில் கேட்ட ஸ்வரத்தை உன் விரலில் தொட்டுக் காட்டுவார்கள். ஹார்மோனியப் பெட்டி மேல் மோவாயை வைத்து அழுத்திக்கொண்டு நீ வாசித்துவிட்டு, பிறகு கையை நீட்டுவாய். மோவாயை அப்படி வைத்தால்தான் எலும்பு வழியாகக் கொஞ்சம் கேட்கிறது என்று என்னிடம் சொன்னாய். பிள்ளைகள் ஒருவர்கூட ஏன் இப்படி என்று கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. நீ லீவில் போன அன்று இசக்கியை நிறுத்திக் கேட்டேன்.

"டீச்சருக்குக் கேக்காதுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும் டீச்சர்" என்றாள் அவள். "நாங்கதான் பெரிய சார்ட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிருக்கோம்."

உனக்குப் பெண் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது இசக்கியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள்தான் நானும் வருவேன் என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். வாசலில் கேட்டவர்களிடம் என் தங்கச்சி என்று சொன்னேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மடியில் குழந்தை. அது முகமெல்லாம் சிவந்து கத்திக்கொண்டிருந்தது. நீ அதன் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எதிரே வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தாய். உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் சொன்னது அவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று நாம் நினைக்கவில்லை.

"அழறாளா?" என்று கேட்டாய்.

"ஆமா, அழுதா" என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"எங்க அழறா?"

எனக்குப் புரியவில்லை. நீ இடது கையை நீட்டி விரல்களை விரித்தாய். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோடு படிக்கத் தெரியும், காதில் விழுவதைக் கோட்டில் வைக்கத் தெரியாது. இசக்கி என்னை விலக்கிக்கொண்டு கட்டிலருகே போனாள். குழந்தை மூச்சு வாங்கி மறுபடி கத்தும்வரை தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு உன் மோதிர விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் தன் விரலை வைத்தாள்.

"சயானுக்கும் மாதுங்காவுக்கும் நடுவுல டீச்சர். த."

நீ அவள் உதட்டைப் பார்த்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல அந்த 'த'வை எடுத்தாய். எடுத்துவிட்டு இசக்கியைப் பார்த்தாய். சரிதான் என்று அவள் தலையாட்டினாள். இன்னும் ஒரு முறை பாடினாய். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. நீயும் அதுவும் ஒரே ஸ்வரத்தில் நின்றிருந்தீர்கள் என்று இசக்கி திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த இரண்டாம் முறை பாடிய பிறகுதான் நீ அழுதாய். பக்கத்துக் கட்டில்காரி, பிள்ளை பெற்ற உடம்பு அழக்கூடாது என்று அதட்டினாள். அது உனக்குக் கேட்கவில்லை.

குழந்தை குப்புற விழுந்து தவழ ஆரம்பித்ததும் நீ திரும்ப வேலைக்கு வந்தாய். பெரிய சாரிடம் நீயே சொல்லிவிட்டாய். சொல்லிவிட்டு, ஒரு வகுப்பு நடத்திக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றாய். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் தட்டியை நகர்த்திவிட்டு என் வகுப்பையும் பார்க்க விட்டேன். நீ ஹார்மோனியம் வாசித்தாய், பிள்ளைகள் குதித்தார்கள். ஒருவன் தாதருக்குப் பதில் பரேலில் குதித்ததை, அவன் கால் தரையில் படும் முன்பே கையை உயர்த்தி நிறுத்தினாய். முடிந்ததும் பிள்ளைகள் பெரிய சாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "நீங்க சொல்லிக்குடுக்குத அழகை நானே மறைஞ்சு நின்னு பார்த்திருக்கேம்மா. ஆனா கமிட்டிக்காரங்க கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பாட்டு டீச்சருக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா, பள்ளிக்கூடத்தையே கேலி பண்ணிருவாங்க. மனசு கேக்க மாட்டேங்கு. ஆனா முடியாதும்மா."

குனிந்திருந்த வாயை உன்னால் படிக்க முடியவில்லை. நீ என்னைப் பார்த்தாய். "என்ன சொல்றார், பார்வதி?"

அவர் நிமிரவில்லை. பிள்ளைகள் நின்றார்கள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உன் எதிரே வந்து, உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாக, "வேண்டாம்னு சொல்லுதாவ" என்றேன். எத்தனையோ சொல்லை உனக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். அதுபோல ஒன்றை அதற்கு முன்பும் பின்பும் சொன்னதில்லை.

"சரி" என்றாய். ஹார்மோனியத்தை மூடிக் கொக்கியைப் போட்டாய். கோடுகளை அழிக்கப் போன பையனைத் தடுத்துவிட்டு, என்னிடம், "வகுப்பை நீ எடுத்துக்கோ" என்றாய்.

"நானா? எனக்குப் பாடத் தெரியாதே."

"பாடவா சொன்னேன்? நான் பாடியா சொல்லிக்குடுத்தேன்?"

அப்படித்தான் நான் பாட்டு டீச்சர் ஆனேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் செம்பூருக்கு வந்துவிடுவேன். நீ அரிசி களைந்துகொண்டோ குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டோ புதுப்புது விளையாட்டாகச் சொல்லுவாய். ஒரு வாரம் பட்டன்களை வைத்து, இன்னொரு வாரம் கொடிக் கயிற்றில் துணி உலர்த்தி. திங்கட்கிழமை நான் அதைத் தாராவியில் நடத்தி, என்ன ஆயிற்று என்று அடுத்த ஞாயிறு வந்து சொல்ல வேண்டும். யார் சிரித்தான், யார் அழுதான், யார் சண்டை போட்டான் என்று ஒன்று விடாமல் கேட்பாய். இசக்கி எப்படி இருக்கிறாள் என்று இரண்டு முறை கேட்பாய்.

பள்ளிக்கூடங்களுக்கு நடுவே ஒரு பாட்டு விழா நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? முன்னே பின்னே பார்த்திராத பாட்டைக் கோட்டில் எழுதின ஒரு தாளைக் கையில் கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு, பாடச் சொன்னார்கள். நம் பிள்ளைகள் தாளைப் பார்த்துக்கொண்டே உதட்டுக்குள் ஸ்டேஷன் பெயர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு பாடினார்கள். நீ முன்வரிசையில் உட்கார்ந்து அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். முடிந்து கைதட்டல் எழுந்ததும் என் பக்கம் சாய்ந்து, "மூணாவது வரில கடைசிப் பையன் முந்திண்டான், இல்லையா?" என்றாய். முந்தித்தான் இருந்தான். பரிசு நமக்கு வரவில்லை. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர்கள் தாளைப் பார்த்துப் படித்துவிட்டார்கள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஆனால் யார் முன்னாலும் நீ பாடுவதை விட்டுவிட்டாய். சுதி விலகினால் தெரியாது, யாராவது பாவம் பார்த்துச் சும்மா இருப்பார்கள், அது வேண்டாம் என்றாய். ஒரு ஞாயிறு நான் வந்தபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே நீ குழந்தையின் தலையை உன் கன்னத்து எலும்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாய். அதே கனம். ஆரம்பத்தில் அதே கரகரப்பு. சுதி விலகியிருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் காதுக்கு விலகவில்லை. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். பாட்டு முடிந்து, குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு நீ திரும்பும்வரை நின்றேன். அப்போதுதான் வந்ததுபோல் உள்ளே வந்தேன்.

பிறகு அந்த மழைக்காலம். மஞ்சள் காமாலை என்றார்கள். பத்தியம் வைத்தார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். உன் கண் மஞ்சள் இறங்கவே இல்லை. உன் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை. கடைசியாக நான் வந்த அன்று அவள் அடுத்த அறையில் அப்பாவோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கொழந்தை அழறாளா?" என்றாய்.

குனிந்து உன் முகத்துக்கு நேரே வந்து, "இல்லை. சிரிக்கா" என்றேன்.

நான் உனக்குச் சொன்ன கடைசிச் சொல் அது. நீ கேட்டாயா, படித்தாயா, தெரியாது. தலையை அசைத்தாய்.

நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதராஸுக்கு, தன் அக்கா வீட்டோடு போய்விட்டார். நான் இன்னும் சில வருஷம் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். முறையாகப் பாட்டுப் படித்த ஒரு சார் வந்தார். அவர் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடச் சொன்னார். நான் கணக்குக்குத் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை நடந்ததை ஞாயிற்றுக்கிழமை யாரிடம் போய்ச் சொல்வது என்று ஆன பிறகு, எனக்கும் அதில் பிடிப்பு இல்லை.

போன மாதம் உன் மகள் என்னைத் தேடிக்கொண்டு நெருளுக்கு வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. உன் நெற்றி, அப்பாவின் பொறுமை. சின்ன வயதில் கூப்பிட்டதுபோலவே என்னை 'டீச்சர் ஆன்ட்டி' என்றாள். அவளுக்கும் நடுவில் காது மங்க ஆரம்பித்ததாம். ஆபரேஷன் செய்துகொண்டாளாம். காலையில் போய் மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். இப்போது எல்லாம் கேட்கிறது என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய், கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றுவிட்டு வந்தேன்.

காப்பி குடித்து முடித்துவிட்டு, அவள் வந்த காரியத்தைக் கேட்டாள்.

"அம்மா குரல் எப்படி இருக்கும், ஆன்ட்டி? போட்டோ இருக்கு. குரல் எங்கயும் இல்லை. அப்பாவும் போயிட்டார். அத்தைக்கு ஞாபகம் இல்லையாம். எனக்குப் பாடுவாள்னு எல்லாரும் சொல்றா. எனக்கு ஒண்ணுமே நினைவில்லை."

கனமான குரல் என்றேன். ஆரம்பத்தில் கொஞ்சம் கரகரக்கும் என்றேன். பிறகு தெளியும் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நான் சொல்வது எதுவும் குரல் ஆகவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கூச்சத்தை விட்டு, நீ அன்று பாடியதை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரிகூட வரவில்லை. கிழட்டுத் தொண்டை எங்கேயோ போயிற்று. அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை, ஆன்ட்டி" என்றாள்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். உன் குரல் எனக்கு அப்படியே கேட்கிறது. வேறு யாரிடமும் அது இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. என்னிடம்தான் இருக்கிறது. அதை அவளுக்கு எடுத்துக் கொடுக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.